சோளத்துப் புழுவும் தேயிலைக் குளவியும்

(கிளிநொச்சி மாவட்டத்தில் குடியேறி வாழும் மலையகக் குடும்பங்கள் மத்தியில் எமது சங்க அமைப்பாளரும் தோட்டப் பாடசாலை ஆசிரியருமான தோழர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



சோளத்துப் புழுவைப் பற்றிக் கதைக்க மலையிலிருந்து ஒரு வாத்தியார் எதற்கு வரவேண்டும் என்று உங்களில் சிலர் நினைக்கலாம். நியாயமான கேள்வி. சோளம் போடுவது எப்படி என்று உங்களுக்குச் சொல்லித்தர நான் வரவில்லை. அது என்னைவிட உங்களுக்கு நன்றாகத் தெரியும். ஆனால் தர்மபுரத்திலும் மலையாளபுரத்திலும் இன்னும் இந்தப் பக்கத்துக் கிராமங்களிலும் இருக்கிற அனேக குடும்பங்களின் தாத்தாவும் பாட்டியும் கொழுந்து பறித்தவர்கள். 1958இலும் 1977இலும் 1983இலும் அடிவாங்கி, இடையில் எழுபதுகளின் பஞ்சத்தில் பட்டினி கிடந்து, கையில் ஒரு மூட்டையோடு வன்னிக்கு வந்து காடுவெட்டிக் குடியேறியவர்கள். அவர்கள் விட்டுவந்த தேயிலை மலையில் புழுவைப் பற்றிய ஒரு கதை இருக்கிறது. அந்தக் கதை இன்று உங்கள் சோளக் காணிக்குத் தேவைப்படுகிறது. அதைச் சொல்லத்தான் வந்தேன். அதோடு, மருந்து டாங்கியை முதுகில் சுமக்கிறவரைப் பற்றியும் சங்கத்தின் சார்பில் சில விஷயம் சொல்ல வேண்டும்.

முதலில் புழு யார் என்று பார்ப்போம்.

வண்ணத்துப்பூச்சியும் அந்துப்பூச்சியும் ஒரே குலம். உலகத்தில் இந்தக் குலத்தில் பேர் வைத்தவை மட்டும் ஒன்றரை இலட்சத்துக்கு மேல். இலங்கையில் வண்ணத்துப்பூச்சி ஏறக்குறைய 250 வகை. அந்துப்பூச்சி அதைப்போலப் பல மடங்கு. இவற்றில் நமக்குக் கெடுதல் செய்பவை விரல்விட்டு எண்ணக்கூடியவைதான். வண்ணத்துப்பூச்சிகளில் நம் வளவுகளில் தொல்லை தருவது தேசிமரத்துப் பூச்சி ஒன்று. தேசி இலையிலும் கறிவேப்பிலையிலும் குருவி எச்சம் மாதிரி ஒட்டிக்கொண்டிருக்கும், பிறகு பச்சையாக மாறும், தொட்டால் தலையில் சிவப்பாக இரண்டு கொம்பு நீட்டி நாற்றம் அடிக்கும். பிள்ளைகளுக்குத் தெரியும். அதைக் கையால் எடுத்துப் போட்டால் முடிந்தது, அதற்கு மருந்து தேவையில்லை. மற்றபடி பயிரைத் தின்பவை பெரும்பாலும் இரவில் பறக்கும் அந்துப்பூச்சியின் குஞ்சுகள். முருங்கையில் மாரிகாலத்தில் கும்பல் கும்பலாக அடிமரத்தில் ஒட்டிக்கொண்டிருக்கும் மயிர்க்கொட்டி அப்படி ஒன்று. நெல்லில் குருத்தைக் கருக்கி வெண்கதிர் ஆக்கும் தண்டுதுளைப்பான், இலையை மடித்து உள்ளே இருந்து சுரண்டும் இலைச்சுருட்டி, இவையும் அந்தக் கூட்டம்தான். தென்னையில் ஓலையின் அடிப்பக்கத்தைச் சுரண்டிக் காயவைக்கும் கருந்தலைப் புழுவும் அப்படியே. வடக்கில் தென்னை முக்கோணம் என்று அரசாங்கம் கன்று நடச் சொல்லுகிறதல்லவா, அதனால் அந்தக் கடைசிப் பேரை ஞாபகம் வைத்திருங்கள்.

தேக்கையும் சொல்லிவிடுகிறேன். முதல் மழைக்குத் துளிர்க்கும் தேக்கை ஒரு புழுக்கூட்டம் ஒரு கிழமைக்குள் நரம்பு மட்டும் மிஞ்சும்படி தின்றுவிடும். மரம் சாவதில்லை, திரும்பத் துளிர்க்கும். அதனால் யாரும் கவலைப்படுவதும் இல்லை. ஆனால் கேரளத்து நிலம்பூரில் வருடக்கணக்காக அளந்து பார்த்தவர்கள், அந்தப் புழு இல்லாமல் இருந்தால் மரம் எவ்வளவு பருத்திருக்குமோ அதில் 44 வீதம் இழப்பு என்று கண்டார்கள். தேக்கு நம்முடையதில்லை, வன இலாகாவுடையது. அதனால் அதை இத்தோடு விட்டுவிடுவோம்.

நம்முடையது சோளம்.

2018ஆம் ஆண்டு காலபோகத்தில் நாடெங்கும் சோளத்தை ஒரு புதுப் புழு தின்றது உங்களுக்கு மறக்காது. அம்பாறை, மொனராகலை, அனுராதபுரம் என்று தொடங்கி வன்னிக்கும் வந்தது. சிங்களத்தில் அதற்கு சேனா என்று பேர் வைத்தார்கள், படை என்று அர்த்தம். நம்மிடம் வந்தபோது அது சேனைப்புழு ஆகி, சேனைக் காணியில் வருகிற புழு என்று சிலர் நினைத்துக்கொண்டார்கள். வேறு சில பெரியவர்கள், படைப்புழு எங்களுக்குப் பழையதுதானே, நாற்றுமேடையைத் தின்னுமே என்றார்கள். அது வேறு. நெல்லுக்கு வருகிற படைப்புழு இந்த மண்ணிலேயே இருப்பது. ஒரு வரம்பில் தின்று முடித்து, கூட்டமாக அடுத்த வரம்புக்கு நடக்கும். நாற்றுமேடைக்குத் தண்ணீர் கட்டி மூழ்கடித்தால் மேலே மிதந்து வரும், கொக்கும் மைனாவும் பொறுக்கித் தின்னும். சோளத்துக்கு வந்தது அமெரிக்கக் கண்டத்துப் புழு. 2016இல் ஆபிரிக்காவில் முதன்முதலாகக் கண்டார்கள். 2018 மே மாதம் கர்நாடகத்தில் சிவமொக்காப் பக்கம் இருந்தது. அதே வருடம் நம்மிடம். 2020இல் ஆஸ்திரேலியா வரைக்கும் போய்விட்டது. அதன் அந்துப்பூச்சி காற்று வாக்கில் ஒரே இரவில் 100 கிலோமீற்றர் பறக்கக்கூடியது. ஆகவே பக்கத்துக் காணிக்காரர் கவனிக்காததால்தான் எனக்கு வந்தது என்று சண்டை பிடிப்பதில் அர்த்தமில்லை.

ஆளை அடையாளம் காண்பது சுலபம். வளர்ந்த புழுவின் தலையில், ஆங்கில வை எழுத்தைத் தலைகீழாக எழுதியது போல வெளிறிய கோடு இருக்கும். வால் பக்கம் சதுரமாக நாலு கறுப்புப் புள்ளி. ஒரு பெண் பூச்சி 100 முதல் 200 முட்டை வரை ஒரே இடத்தில் இட்டு, தன் உடம்பின் செதிலால் மூடிவைக்கும். பூஞ்சணம் பிடித்த மாதிரித் தெரியும். நம்முடைய வெயிலுக்கு இரண்டு மூன்று நாளில் பொரிக்கும். சின்னக் குஞ்சுகள் இலையைத் துளைக்காது, மேல்தோலைச் சுரண்டும். இலையில் கண்ணாடி ஜன்னல் வைத்தது போல வெள்ளைத் தடம் விழும். பிறகு குருத்துக்குள் இறங்கிவிடும். அங்கே போனபின் ஒன்றை ஒன்று தின்று, கடைசியில் ஒரு குருத்துக்கு ஒன்றோ இரண்டோ மிஞ்சும். அதன் எச்சம் மரத்தூள் மாதிரி குருத்தை அடைத்துக்கொண்டு நிற்கும். இரண்டு மூன்று கிழமை தின்றபின் மண்ணுக்குள் இறங்கிக் கூட்டுப்புழுவாகும். முட்டையிலிருந்து பூச்சி வரை எல்லாம் ஒரு மாதத்துக் கதை.

இதில் நாம் கவனிக்க வேண்டியது ஒன்று. கண்ணுக்குப் பெரிதாகத் தெரிகிற நேரத்தில் புழு குருத்துக்குள் இருக்கிறது, வாசலை எச்சம் அடைத்திருக்கிறது. அந்த நேரத்தில்தான் எல்லோரும் மருந்துக்கடைக்கு ஓடுகிறோம். அடிக்கிற மருந்து புழுவில் படுவதில்லை. இலைமேல் நடக்கிற எறும்பில் படுகிறது, சிலந்தியில் படுகிறது, குளவியில் படுகிறது. ஒரு கிழமை கழித்துப் புழு அப்படியே இருக்கிறது, மருந்து போதாது என்று இன்னும் விலைகூடிய மருந்தை இரண்டு மடங்கு கலக்கிறோம். கடன் ஏறுகிறது. இந்தப் புழு தன் சொந்த நாட்டிலேயே பல மருந்துகளுக்குப் பழகிப்போனது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

இனித் தேயிலைக் கதைக்கு வருகிறேன்.

கொழுந்து பறித்த பாட்டிமார் இருந்தால் கேட்டுப்பாருங்கள், மலையில் இரண்டு புழு அவர்களுக்கு மறக்காது. ஒன்று, கைபட்டால் நெருப்பாய்ச் சுடும் முள்ளுப்புழு. இன்னொன்று, இரண்டு மூன்று இலையை நூலால் ஒட்டிச் சேர்த்து உள்ளே இருந்து தின்கிற சுருட்டுப்புழு. அதிகாரிகள் டோர்ட்ரிக்ஸ் என்பார்கள். இரண்டும் அந்துப்பூச்சியின் குஞ்சுதான். சுருட்டுப்புழு முதலில் கோப்பிக்கு வந்தது. ஜோன் நீட்னர் என்ற கோப்பித் தோட்டக்காரர் 1861இலேயே அதைப் பற்றி எழுதிவைத்தார். கோப்பி அழிந்து தேயிலை வந்தபோது புழு தேயிலைக்கு மாறிக்கொண்டது. தின்பதெல்லாம் கொழுந்து இலை, அதாவது துரைமாருக்குக் காசு, நமக்குப் பேர். கொழுந்து குறைந்தால் நிறை குறையும், நிறை குறைந்தால் பேர் பாதியாகும். புழு யாருடைய வயிற்றில் அடித்தது என்று நான் விளக்க வேண்டியதில்லை.

அந்தக் காலத்தில் அதற்கு இருந்த வைத்தியம் கைதான். முட்டை கூட்டமாக இலையில் ஒட்டியிருக்கும், அதை ஆள் போட்டுப் பொறுக்கினார்கள். மலை மலையாகப் பொறுக்கியும் புழு குறையவில்லை. தலவாக்கலை சென் கூம்ஸில் இருக்கும் தேயிலை ஆராய்ச்சி நிலையத்தார் 1935, 1936 வாக்கில் ஜாவாவிலிருந்து ஒரு சின்னக் குளவியைக் கொண்டுவந்து விட்டார்கள். நம்மைக் கொட்டுகிற குளவி இல்லை, கொசுவைவிடக் கொஞ்சம் பெரிது, மெலிந்தது. மக்ரோசென்ட்ரஸ் என்று அதற்குப் பேர். அது சுருட்டிய இலையைத் தேடிப்போய், உள்ளே இருக்கிற புழுவின் உடம்புக்குள் முட்டையிடும். குளவிக் குஞ்சு புழுவை உள்ளிருந்தே தின்று வளரும். சில வருடத்தில் அந்தக் குளவி தேயிலை நாடெங்கும் பரவி, சுருட்டுப்புழு பெரிய தொல்லை என்ற நிலையிலிருந்து இறங்கிவிட்டது. யாரும் மருந்தடிக்கவில்லை. யாருக்கும் சம்பளமும் இல்லை, குளவிக்கும்தான்.

ஐம்பதுகளின் கடைசியில் வேறொரு தொல்லைக்கு வைத்தியம் பார்த்தார்கள். தேயிலைக் கொப்பைத் துளைத்து உள்ளே குடியிருக்கும் ஒரு சின்ன வண்டு. அந்த வண்டுக்கு டீல்ட்ரின் என்ற மருந்தை அடித்தார்கள். டீடீடீயின் சகோதரம் மாதிரி, அடித்தால் மாதக்கணக்கில் செடியில் நிற்கும். வண்டு குறைந்தது உண்மை. ஆனால் மருந்து அடித்த மலைகளில், இருபது வருடமாக அடங்கிக்கிடந்த சுருட்டுப்புழு கொள்ளையாகக் கிளம்பியது. காரணம் விளங்குகிறதல்லவா? புழு சுருட்டிய இலைக்குள் பத்திரமாக இருந்தது. வெளியே அதைத் தேடித் திரிந்த குளவி செத்தது. வண்டுக்கு அடித்த மருந்து புழுவுக்குக் காவலாளியாக வேலை செய்தது. பிறகு ஆராய்ச்சி நிலையத்தாரே அதைக் கண்டு அந்த மருந்தை நிறுத்தவேண்டி வந்தது.

இந்தக் கதை உலகத்துப் பூச்சியியல் புத்தகங்களில் பாடமாக இருக்கிறது. ஆனால் அந்த மருந்தைக் கலந்து, முதுகில் சுமந்து, மலையேறி அடித்தவர் யார் என்று அந்தப் புத்தகங்களில் இல்லை. நம்மாட்கள்தான். நம் தாத்தாமார்.

சரி, வன்னிக்குத் திரும்புவோம். உங்கள் சோளக் காணியில் ஜாவாக் குளவி இல்லை. ஆனால் அதன் உறவுக்காரர் இருக்கிறார்கள், யாரும் கொண்டுவந்து விடாமலே. கண்ணுக்குச் சரியாகத் தெரியாத அளவு சின்னக் குளவிகள் முட்டைக்குள்ளேயே முட்டையிடும். அந்த முட்டையிலிருந்து புழு வராது, குளவி வரும். கறுத்துப்போன முட்டைக் கூட்டத்தைக் கண்டால் அதை நசுக்காமல் விடுங்கள், அது நம்முடைய ஆள். காதுப்பூச்சி என்று வாலில் கவட்டை வைத்த ஒன்று குருத்துக்குள்ளே போய்ச் சின்னப் புழுவைத் தின்னும். எறும்பு தின்னும். இரட்டைவால் குருவி உட்கார காணிக்குள் நாலைந்து கம்பு நட்டுவைத்தால், அது மேலே இருந்து பார்த்துக்கொண்டிருக்கும். பெரிய மழையும் ஒரு கூட்டாளிதான். குருத்தில் தண்ணீர் நின்றால் குஞ்சுகள் மூழ்கிச் சாகும். இவ்வளவு பேர் சம்பளமில்லாமல் வேலை செய்கிற இடத்தில், முளைத்து பத்தாம் நாளே ‘வரும்முன் காப்போம்’ என்று மருந்தடித்தால், முதலில் சாவது இவர்கள்தான். மருந்துக்கடைக்காரர் இதைச் சொல்லமாட்டார். அவருக்குக் குருவியிடம் கமிஷன் கிடையாது.

மருந்தே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அப்படி ஒரு நாளில் சொன்னால் என்ன நடக்கும் என்று 2021இல் பார்த்தோம். மே மாதத்தில் உரமும் மருந்தும் இறக்குமதி செய்யக்கூடாது என்று வர்த்தமானி போட்டார்கள், நவம்பரில் திருப்பி எடுத்தார்கள். அந்த இடைவெளியில் நெல்லுக்கும் தேயிலைக்கும் நடந்ததை நாம் எல்லோரும் வயிற்றால் அறிந்தோம். மேலே இருந்து ஒரு கையெழுத்தால் அடி என்பதும், ஒரு கையெழுத்தால் அடிக்காதே என்பதும் ஒரே குணம்தான். காணிக்குள் இறங்கிப் பார்க்கிறவர் அதில் எங்கேயும் இல்லை.

ஆகவே பார்ப்பதைப் பற்றிச் சொல்கிறேன். முளைத்த முதல் ஆறு கிழமை, கிழமைக்கு இரண்டு தரம் காணிக்குள் நடக்க வேண்டும். வரம்பில் நின்று பார்ப்பது கணக்கில்லை. ஓரத்துச் செடியும் நடுச் செடியும் ஒன்றல்ல. ஐந்து இடத்தில் நின்று, ஒவ்வொரு இடத்திலும் அடுத்தடுத்து இருபது செடி பாருங்கள். மொத்தம் நூறு. அதில் எத்தனையில் புதுச் சுரண்டலோ புது எச்சமோ இருக்கிறது என்று எண்ணுங்கள். எழுதத் தெரிந்த பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போங்கள், நம் பிள்ளைகளுக்கு வீதக் கணக்கு வருவதில்லை என்று குறைப்படுகிற ஆசிரியர்களுக்கு இதைவிட நல்ல பாடம் கிடைக்காது. நடக்கும்போது கண்ட முட்டையை விரலால் நசுக்குங்கள், கண்ட புழுவைப் பிடுங்குங்கள். ஒரு ஏக்கர், இரண்டு ஏக்கர் வைத்திருக்கிற நமக்கு இது முடியும். நூறு ஏக்கர்க்காரருக்கு முடியாது. சிறு காணிக்காரருக்கு இருக்கிற ஒரே வசதி இதுதான், அதை விட்டுக்கொடுக்கக் கூடாது.

இளஞ்செடியில் நூற்றுக்கு இருபதுக்குக் கீழே என்றால் கையும் சாம்பலும் போதும். மத்திய அமெரிக்காவில், இந்தப் புழு பிறந்த நாட்டில், ஏழைக் கமக்காரர் காலங்காலமாகச் செய்வது, குருத்துக்குள் ஒரு சிட்டிகை மணலோ சாம்பலோ மண்ணோ போடுவது. அது புழுவை உராய்ந்து காயவைக்கும். வேப்பங்கொட்டை நம்மிடம் இருக்கிறது. தோல் நீக்கிக் காயவைத்த பருப்பை இடித்து, ஒரு லீட்டர் தண்ணீருக்கு 50 கிராம் கணக்கில் இரவு ஊறவைத்து, சீலையில் வடித்து, ஒரு துளி சவர்க்காரம் கலந்து பின்னேரம் குருத்துக்குள் விழும்படி தெளிக்கலாம். குஞ்சுப் புழுவுக்குத்தான் கேட்கும், விரல் அளவு வளர்ந்ததற்குக் கேட்காது. சோளம் இலை தின்னப்பட்டாலும் இளமையில் மீண்டு வரும் பயிர். ஓட்டை விழுந்த இலையைப் பார்த்து மனம் பதறுவது இயல்பு, ஆனால் விளைவது இலையில் இல்லை, பொத்தியில்.

இருபதைத் தாண்டினால், புழு இன்னும் சின்னதாக இருந்தால், அப்போது மருந்தைப் பற்றி யோசிக்கலாம். எது என்பதைக் கடைக்காரரிடம் கேட்காமல் கமநல சேவை நிலையத்தில் விவசாயப் போதனாசிரியரிடம் கேளுங்கள். முன்பு ஒருமுறை அடித்த அதே இனத்தைத் திரும்ப அடிக்கக் கூடாது. குருத்துக்குள் விழவேண்டும், காற்றில் விசிறக் கூடாது. பூச்சி இரவு ஆள், ஆகவே பின்னேரம் அடியுங்கள். தேனீயும் அப்போது வீடு போயிருக்கும்.

இனித்தான் சங்கத்து விஷயம்.

யார் அடிக்கிறார்? சொந்தக் காணி இருக்கிறவர் தன் காணிக்குத் தானே அடிப்பார். ஆனால் இந்தக் கிராமங்களில் காணி இல்லாத, அல்லது பத்திரம் இல்லாத குடும்பங்கள் எத்தனை என்று உங்களுக்குத் தெரியும். அந்த வீட்டு ஆண்கள் அடுத்தவரின் காணிக்கு டாங்கிக் கணக்கில் கூலிக்கு அடிக்கிறார்கள். ஒரு டாங்கிக்கு இவ்வளவு. ஆகவே அதிக டாங்கி அடித்தால் அதிகக் காசு. ஆகவே நண்பகல் வெயிலிலும் அடிக்கிறார்கள், காற்றடிக்கும்போதும் அடிக்கிறார்கள், மூடி கசிகிற டாங்கியையும் தூக்குகிறார்கள். கையுறை இல்லை, காலில் செருப்பு, மேலே ஒரு பழைய சேர்ட். இடையில் வெற்றிலை போடுகிறார்கள், அதே கையால் சுண்ணாம்பு தடவி. தோட்டத்தில் மருந்தடித்த ஆளுக்கு ஒரு பேராவது செக்ரோலில் இருந்தது, என்ன நடந்தாலும் இவர் இந்த வேலையில் இருந்தார் என்று காட்ட ஒரு வரி இருந்தது. இங்கே அந்த வரியும் இல்லை.

மருந்து உடம்பில் ஏறியதன் அடையாளத்தைத் தாய்மார் தெரிந்துவைத்திருக்க வேண்டும். தலையிடி, வாந்தி, அளவுக்கு மீறிய வேர்வை, வாயில் எச்சில் ஒழுகுதல், கண் மங்கல், தசை துடித்தல். வெயில் தலைக்கேறிவிட்டது என்று தேசிக்காய்த் தண்ணீர் கொடுத்துப் படுக்கவைக்காதீர்கள். உடுப்பைக் கழற்றுங்கள், சவர்க்காரம் போட்டு உடம்பைக் கழுவுங்கள், உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள். நீங்களாக வாந்தி எடுக்கவைக்க வேண்டாம். மருந்துப் போத்தலை, குறைந்தது அதன் லேபலை, கையில் எடுத்துப்போங்கள். டாக்டருக்கு அதுதான் பாதி வைத்தியம். அடித்த ஆளின் உடுப்பைத் துவைப்பதும் பெரும்பாலும் நம் பெண்கள். அதைப் பிள்ளைகளின் உடுப்போடு ஊறவைக்கக் கூடாது, கிணற்றடியில் அலசக் கூடாது. வெறும் போத்தலை மூன்றுதரம் அலசி, அந்தத் தண்ணீரை டாங்கியிலேயே ஊற்றி, போத்தலில் ஓட்டை போட்டுவிடுங்கள். மண்ணெண்ணெய்க்கு ஆகும் என்று அடுக்களையில் வைத்த போத்தல்களைப் பல வீடுகளில் பார்த்துவிட்டுத்தான் சொல்கிறேன்.

சட்டம் ஒன்று இருக்கிறது. பீடைகொல்லிக் கட்டுப்பாட்டுச் சட்டம், 1980ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கம். பதிவு செய்யாத மருந்தை விற்கக் கூடாது. லேபலில் தமிழும் இருக்க வேண்டும். இந்தச் சட்டத்தின் கீழ்தான் மிக மோசமான மருந்துகளை ஒவ்வொன்றாக எடுத்தார்கள்: மொனோகுரோட்டோபொஸ் 1995இல், என்டோசல்பன் 1998இல், தோட்டத்தில் புல்லுக்கு அடித்த கிரமக்ஸோன் 2008க்கும் 2011க்கும் இடையில். ஒவ்வொன்றையும் எடுக்கும்போது விளைச்சல் அழிந்துபோகும் என்று பயமுறுத்தியவர்கள் இருந்தார்கள். அழியவில்லை. ஆஸ்பத்திரியில் நஞ்சு வாட்டில் சாவுகள் குறைந்தன. ஆகவே லேபல் இல்லாமல் சின்னப் போத்தலில் ஊற்றித் தருகிற மருந்தை வாங்காதீர்கள். கடன் சொல்லித் தந்தாலும் வாங்காதீர்கள்.

கூலிக்கு மருந்தடிக்கிறவர்களின் சார்பில் சங்கம் ஒரு கடிதம் தயாரித்திருக்கிறது. கமக்கார அமைப்புகளுக்கும் கமநல சேவை நிலையத்துக்கும் போகும். கேட்பது நாலே விஷயம்தான். டாங்கிக் கணக்கை விட்டு நாட்சம்பளக் கணக்கில் கூலி. கையுறை, பூட்ஸ், முகமூடி, கசியாத டாங்கி ஆகியவற்றைக் காணிக்காரர் கொடுக்க வேண்டும். பதினெட்டு வயதுக்குக் குறைந்தவருக்கும் கர்ப்பிணிக்கும் இந்த வேலை கொடுக்கக் கூடாது. அடிக்கிற ஆளின் பேர், நாள், மருந்து ஆகிய மூன்றையும் ஒரு கொப்பியில் எழுதிவைக்க வேண்டும். இந்த நாலாவது சின்ன விஷயமாகத் தெரியும். எனக்கு அதுதான் பெரிது.

காணிக்காரர்களும் இந்தக் கூட்டத்தில் இருக்கிறீர்கள், உங்கள் முகம் சுருங்குவது தெரிகிறது. நாட்சம்பளம் கொடுத்தால் செலவு கூடும் என்று யோசிக்கிறீர்கள். நூறு செடி எண்ணிப் பார்த்துவிட்டு அடித்தால், மூன்றுதரம் அடிக்கிற இடத்தில் ஒருதரம் அடிப்பீர்கள், சில போகத்தில் அடிக்கவே மாட்டீர்கள். மிஞ்சுகிற இரண்டு தரத்து மருந்துக் காசில் ஒரு சோடிக் கையுறை வாங்கலாம். அதே அடிக்கிற ஆளை, அடிக்காத நாளில் செடி எண்ணவும் முட்டை நசுக்கவும் கூப்பிடலாம். அவருக்கும் வேலை, உங்களுக்கும் பயிர்.

இந்த முறை மழைக்கு எத்தனை பேர் சோளம் போடுகிறீர்கள் என்று ஒரு பட்டியல் எடுக்கிறோம். பத்து வீட்டுக்கு ஒரு ஆள், செடி எண்ணத் தெரிந்தவராக வேண்டும். பெண்பிள்ளைகள் வந்தால் நல்லது, அவர்களின் கண் கூர்மை. விதைத்து இரண்டாம் கிழமை முடியும்போது விவசாயப் போதனாசிரியரை இங்கே ஒரு காணிக்குக் கூப்பிட்டு, எல்லோரும் சேர்ந்து ஒருமுறை நடந்து பார்ப்போம். கடிதம் அந்த மேசையில் இருக்கிறது, பக்கத்திலேயே பட்டியல் கொப்பியும் இருக்கிறது. கையெழுத்து வைக்க முடியாதவர்களுக்கு மையும் வைத்திருக்கிறோம். முதலில் கேள்விகளைக் கேளுங்கள், பிறகு வரிசையாக வாருங்கள்.